எல்லாம் பச்சை, ஆனால் ஓடியது எத்தனை?

போன மாதம் இந்தப் பகுதியில் யூனிட் டெஸ்ட் எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன், அதாவது நம் புரோகிராமின் ஒவ்வொரு துண்டும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் சின்னப் புரோகிராம்; பாஸ் ஆனால் பச்சை, விழுந்தால் சிவப்பு. அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: டெஸ்ட் எழுதிவிட்டோம், எக்கச்சக்கமாகச் சேர்ந்துவிட்டது, அவ்வளவையும் ஒவ்வொரு தடவையும் ஓட்ட முடியவில்லை, வேண்டியதை மட்டும் எப்படிப் பொறுக்கி ஓட்டுவது? சரி, இந்த மாதம் முழுக்க அதையே பார்த்துவிடுவோம்.

எபென் வாசகர்: அக்கா, வணக்கம். இங்கே மொரீஷியஸ் சைபர்சிட்டியில் கணக்கு மென்பொருள் போடும் ஒரு கம்பெனியில் ஆறு மாதமாக வேலை பார்க்கிறேன். பைத்தான்தான். வாட் வரிக் கணக்கில் ஒரே ஒரு வரியைத் திருத்தினாலும் எல்லா டெஸ்டும் ஓடி முடிய இருபது நிமிடம் ஆகிறது. பக்கத்து சீட் அண்ணன் வேண்டாத டெஸ்டை எல்லாம் கமென்ட் போட்டு மூடிவிட்டு மிச்சத்தை ஓட்டுகிறார். நானும் அப்படியே பழகிவிட்டேன். இது சரியா?

சரியில்லை தம்பி. கமென்ட் போட்டு மூடியதை ஒருநாள் திறக்க மறந்துவிடுவீர்கள், மறந்ததை உங்களுக்கு நினைவுபடுத்த எந்தக் கருவியாலும் முடியாது, ஏனென்றால் கருவியைப் பொறுத்தவரை அப்படி ஒரு டெஸ்ட் உலகத்திலேயே கிடையாது. அந்த அண்ணனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

பைத்தானில் டெஸ்ட் ஓட்டும் கருவியான பைடெஸ்டில் இதற்கென்றே வழி வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு டெஸ்ட்தான் வேண்டும் என்றால் ஃபைல் பெயர், இரண்டு முக்காற்புள்ளி, கிளாஸ் இருந்தால் அதன் பெயர், மறுபடி இரண்டு முக்காற்புள்ளி, டெஸ்ட் பெயர் என்று முழு முகவரியையும் கொடுத்துவிடலாம். பெயரின் ஒரு துண்டை மட்டும் கொடுத்துத் தேட வேண்டும் என்றால் 'மைனஸ் கே' ஆப்ஷன். அதில் 'அண்ட்', 'ஆர்', 'நாட்' மூன்றும் போடலாம், அதனால் 'வாட் வேண்டும், ரீஃபண்ட் வேண்டாம்' என்கிற மாதிரி எழுத முடியும்.

இங்கேதான் ஒரு குழி. 'மைனஸ் கே' பார்ப்பது துண்டு எழுத்தை, முழு வார்த்தையை அல்ல. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் பார்க்காது. வாட் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றே எழுத்து, இல்லையா? 'பிரைவேட்' என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், அந்த மூன்று எழுத்தும் வரிசை மாறாமல் நடுவில் உட்கார்ந்திருக்கும். 'ஆக்டிவேட்' எழுதினாலும் அதே கதை. நீங்கள் பன்னிரண்டு வாட் டெஸ்ட் ஓடும் என்று நினைத்திருப்பீர்கள், வாடிக்கையாளர் கணக்கை ஆக்டிவேட் செய்யும் டெஸ்ட் எல்லாம் சேர்ந்து நாற்பது ஓடும். கூட ஓடினால் நேரம்தான் நஷ்டம், பரவாயில்லை. 'நாட் வாட்' என்று எழுதினால்தான் வினை, அப்போது ஆக்டிவேட் டெஸ்ட் எல்லாம் சத்தமில்லாமல் வெளியே போய்விடும். டெஸ்ட் பெயரை மட்டுமல்ல, கிளாஸ் பெயரையும் ஃபைல் பெயரையும்கூட அது சேர்த்துப் பார்க்கும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் ஓட்டுவதற்கு முன் 'கலெக்ட் ஒன்லி' ஆப்ஷனைச் சேர்த்து ஒரு தடவை தட்டிப் பார்ப்பது என் வழக்கம். எதையும் ஓட்டாது, எதெது மாட்டியது என்று பட்டியல் மட்டும் போடும். கோவில் அன்னதானத்துக்கு இலை போடும் முன் தலையை எண்ணுகிற மாதிரி.

இன்னொன்று, இருபது நிமிட விஷயத்துக்கு நிஜமாகவே உதவுவது: 'லாஸ்ட் ஃபெயில்ட்'. சுருக்கமாக மைனஸ் மைனஸ் எல் எஃப். போன தடவை எது விழுந்ததோ அதை மட்டும் மறுபடி ஓட்டும். எதுவும் விழவில்லை என்றால் எல்லாவற்றையும் ஓட்டும், பயப்படாதீர்கள். 'எஃப் எஃப்' என்று இன்னொன்று உண்டு, அது எல்லாவற்றையும் ஓட்டும், ஆனால் போன தடவை விழுந்தவற்றை முதலில் எடுக்கும். காலையில் வந்ததும் எஃப் எஃப், பிழையைத் துரத்தும்போது எல் எஃப், என் நாள் அப்படித்தான் போகிறது.

கியூர்பிப் வாசகி: எனக்கு கம்ப்யூட்டர் தெரியாது. என் மகன் வீட்டிலிருந்து வேலை செய்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால் 'டெஸ்ட் ஓடுதும்மா, இரு' என்கிறான். ராத்திரி பத்து மணிக்கு என்ன பரீட்சை?

அம்மா, பரீட்சை அவனுக்கு இல்லை, அவன் எழுதிய புரோகிராமுக்கு. காவடி விரதத்துக்கு ஏழு கறி சமைக்கும்போது ரசத்தில் உப்புப் போட்டால் ரசத்தைத்தானே ருசி பார்ப்பீர்கள், ஏழையும் முதலிலிருந்து ருசி பார்க்க மாட்டீர்கள். உங்கள் மகன் ஏழையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்தப் பக்கத்தை அவனிடம் கொடுங்கள், சாப்பாடு சூடு ஆறாது. (விரதச் சமையலில் ருசியே பார்க்கக் கூடாது என்று என் மாமியார் சொல்வார். அது வேறு சண்டை.)

போர்ட் லூயிஸ் வாசகர்: கோ (Go) என்ற புரோகிராம் மொழியில் வேலை செய்கிறேன். டெஸ்ட் பெயரைக் கொடுத்து 'மைனஸ் ரன்' போட்டேன், 'ஓகே' என்று வந்தது, எல்லோருக்கும் பொதுவான கோடோடு மெர்ஜ் செய்துவிட்டேன். மறுநாள் அதே இடத்தில் பிழை. டெஸ்ட் பாஸ் ஆனது எப்படி?

பாஸ் ஆகவில்லை ஐயா. ஓடவே இல்லை. திரையை மறுபடி பாருங்கள், 'ஓகே' வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் 'நோ டெஸ்ட்ஸ் டு ரன்' என்று சின்னதாக எழுதியிருக்கும். பெயரில் ஒரு எழுத்து தவறினாலும் கோ மொழியின் கருவி அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாது, ஒரு எச்சரிக்கை வரியோடு நல்லபடியாக முடிந்துவிட்டது என்றே சொல்லும்.

உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, ஏனென்றால் நானும் இதில் மாட்டியவள்தான். சில வருஷத்துக்கு முன் நான் இருந்த ஒரு இடத்தில் சிஐ சர்வரில் (புரோகிராம் மாறும்போதெல்லாம் டெஸ்டைத் தானாக ஓட்டும் சர்வர்) சம்பளக் கணக்கு டெஸ்ட்களுக்குத் தனியாக ஒரு படி வைத்திருந்தோம், பெயரில் 'சேலரி' என்று இருப்பதை மட்டும் ஓட்டும் ஃபில்டர், எழுதியது நான். அப்புறம் ஒருவர் அந்தப் பகுதி முழுக்க 'பேரோல்' என்று பெயர் மாற்றினார், நல்ல எண்ணத்தில்தான், கோட் பார்க்க அழகாகவும் இருந்தது. அன்றிலிருந்து அந்தப் படி இரண்டு வினாடியில் முடிந்தது. எங்களில் ஒருவர்கூட 'இவ்வளவு வேகமா?' என்று கேட்கவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தோம். வருஷக் கடைசி போனஸ் கணக்கு தப்பாக வந்தபோதுதான் தெரிந்தது, வாரக்கணக்கில் பூஜ்யம் டெஸ்ட் பாஸ் ஆகிக்கொண்டிருந்தது. அந்த டிசம்பரை நான் மறக்கவில்லை.

எல்லாக் கருவியும் இப்படி இல்லை என்பதால் உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். பைடெஸ்ட் ஒன்றும் மாட்டாவிட்டால் முடியும்போது எக்சிட் கோட் 5 கொடுக்கும் (பூஜ்யம் என்றால்தான் வெற்றி), சிஐ அதைத் தோல்வியாகவே எடுத்துக்கொள்ளும், யாராவது அந்தத் தோல்வியை விழுங்கும்படி ஸ்கிரிப்ட் எழுதாத வரை. ஜாவாக்காரர்களின் பில்ட் கருவியான கிரேடிலில் 'டெஸ்ட்ஸ்' ஆப்ஷனுக்குப் பெயர் கொடுத்து எதுவும் பொருந்தவில்லை என்றால் பில்டே நின்றுவிடும். கோ விட்டுவிடும், பார்த்தீர்களே. நான் இப்போது சிஐ படியில் ஓடிய எண்ணிக்கையைப் பிடுங்கி, பூஜ்யம் என்றால் சிவப்பு காட்டச் சொல்லி இரண்டு வரி சேர்த்து வைத்திருக்கிறேன்.

கோ மொழிக்காரர்களுக்கு இன்னும் இரண்டு. 'மைனஸ் ரன்' எடுப்பது ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் குறியீடு, இரண்டு முனையும் கட்டப்படாதது. 'டெஸ்ட் ஆட்' என்று கொடுத்தால் 'டெஸ்ட் அட்ரஸ்' என்பதும் சேர்ந்து ஓடும், ஆங்கிலத்தில் அட்ரஸின் முதல் மூன்று எழுத்தும் ஆட்தானே. முன்னால் தொப்பிக் குறி, பின்னால் டாலர் குறி போட்டால் அது மட்டும் ஓடும். டெஸ்டுக்குள் இருக்கும் உள் டெஸ்டுக்கு, இரண்டு பெயருக்கும் நடுவில் சாய்கோடு. விலக்குவதற்கு முன்பு நேரடி வழி இல்லை, 2023-இல் வந்த 1.20 பதிப்பிலிருந்து 'மைனஸ் ஸ்கிப்' இருக்கிறது.

பெயர் வேண்டாம், ரோஸ்ஹில்: நட்சத்திரக் குறி போட்டு ஃபில்டர் எழுதினால் சில நாள் வேலை செய்கிறது, சில நாள் செய்வதில்லை.

மேற்கோள் குறிக்குள் போடுங்கள். நட்சத்திரத்தை உங்கள் டெஸ்ட் கருவி பார்க்கும் முன், நீங்கள் தட்டும் கமாண்டை வாங்கிக்கொள்ளும் ஷெல் பார்த்துவிடுகிறது. நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் அதற்குப் பொருந்தும் ஃபைல் இருந்தால் ஃபைல் பெயராக மாற்றிவிடும், இல்லாவிட்டால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும், அதனால்தான் சில நாள். சி++ மொழிக்கான கூகிள் டெஸ்ட் கருவி பயன்படுத்துகிற ஆள் என்றால் கூடவே இதையும் கேளுங்கள்: அதன் ஃபில்டரில் கழித்தல் குறி ஒரே ஒரு தடவைதான், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் விலக்கு. வேண்டியதை எல்லாம் முக்காற்புள்ளி போட்டு முன்னால் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் கழித்தல் போடுங்கள்.

ரெதுயி மாணவி: அக்கா, கல்லூரி ப்ராஜெக்டில் ஜாவா, டெஸ்டுக்கு ஜேயூனிட் 5, பில்டுக்கு மேவன். பெயர் வைத்துப் பொறுக்குவது நல்லதா, டேக் (டெஸ்டின் மேல் ஒட்டும் அடையாளச் சீட்டு) போட்டுப் பொறுக்குவது நல்லதா? இன்னொன்று, என் தோழி எழுதிய டெஸ்ட் ஒன்று மேவனில் ஓடவே மாட்டேன் என்கிறது, ஃபில்டர் எதுவும் நாங்கள் போடவில்லை.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், அதுதான் சுவாரசியம். ஃபில்டர் போடவில்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள், மேவன் உங்களுக்காக ஒன்று போட்டு வைத்திருக்கிறது. மேவனில் டெஸ்டை ஓட்டும் ஷ்யூர்ஃபயர் ப்ளகின் கிளாஸ் பெயரைப் பார்த்துத்தான் எடுக்கும்: 'டெஸ்ட்' என்று தொடங்க வேண்டும், அல்லது 'டெஸ்ட்', 'டெஸ்ட்ஸ்', 'டெஸ்ட்கேஸ்' என்று முடிய வேண்டும். தோழி கிளாஸுக்கு 'வாட் செக்ஸ்' மாதிரி ஏதாவது பெயர் வைத்திருப்பார். எடிட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஓடும், மேவனில் ஓடாது, தலை வலிக்கும். பைடெஸ்டிலும் இப்படித்தான், ஃபைல் பெயர் 'டெஸ்ட்' என்று ஒரு அடிக்கோட்டோடு தொடங்கவில்லை, அடிக்கோட்டோடு 'டெஸ்ட்' என்று முடியவும் இல்லை என்றால் அது கண்ணுக்கே தெரியாது. எத்தனை டெஸ்ட் எழுதினோம், எத்தனை ஓடியது என்று மாதத்துக்கு ஒருமுறையாவது எண்ணிப் பாருங்கள்.

முதல் கேள்வி. பெயர் என்பது இன்றைக்கு நான் கை வைத்திருக்கும் இடத்துக்கு, டேக் என்பது எல்லோரும் எப்போதும் கேட்கப்போகும் கேள்விக்கு. 'மெதுவானது', 'டேட்டாபேஸ் வேண்டும்', 'நெட் வேண்டும்', இந்த மூன்று டேக் போதும் உங்கள் ப்ராஜெக்டுக்கு. சின்னச் சின்ன டேக்காக இருபது வைத்துக்கொண்டால் எதை எதில் போட்டோம் என்று நீங்களே மறந்துவிடுவீர்கள். டேக் பார்த்து ஓட்ட மேவனில் 'குரூப்ஸ்', விலக்க 'எக்ஸ்க்ளூடட் குரூப்ஸ்'. டேக் பெயரை ஜாவாவில் ஒரு கான்ஸ்டன்டாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் 'ஸ்லோ' என்பதை அவசரத்தில் எழுத்து மாற்றி எழுதினால் ஜேயூனிட் அதையும் ஒரு புது டேக் என்று மரியாதையாக ஏற்றுக்கொள்ளும். பைடெஸ்டில் 'ஸ்ட்ரிக்ட் மார்க்கர்ஸ்' வைத்தால் பதிவு செய்யாத மார்க்கர் (அங்கே டேக்குக்கு அதுதான் பெயர்) எல்லாம் பிழையாகிவிடும், அது எனக்குப் பிடித்த விஷயம்.

ஒரு டெஸ்டைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்க வேண்டும் என்றால் 'டிசேபிள்ட்' போட்டு, காரணத்தையும் உள்ளேயே எழுதிவிடுங்கள். கூகிள் டெஸ்ட் இதில் நல்ல பிள்ளை, பெயருக்கு முன் 'டிசேபிள்ட்' ஒட்டி வைத்த டெஸ்ட் இருந்தால், 'உன்னிடம் இத்தனை முடங்கிய டெஸ்ட் இருக்கிறது' என்று ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசியிலும் சொல்லிக்கொண்டே இருக்கும்.

கத்ர்போர்ன் வாசகர்: எல்லாவற்றையும் ஓட்டினால் பாஸ், தனியாக அந்த ஒன்றை மட்டும் ஓட்டினால் ஃபெயில். ஃபில்டரில் கோளாறா? விடுப்பு நாள் கணக்குப் போடும் மாட்யூல், நேர மண்டலம் சம்பந்தப்பட்டது.

ஃபில்டரில் கோளாறு இல்லை, அது உங்களுக்கு உபகாரம் செய்திருக்கிறது. உங்கள் டெஸ்ட் தன் காலில் நிற்கவில்லை, அதற்கு முன்னால் ஓடும் வேறு ஏதோ ஒன்று நேர மண்டலத்தை மொரீஷியஸ் என்று மாற்றிவிட்டு, முடிந்ததும் பழையபடி வைக்காமல் போயிருக்கிறது, உங்களுடையது அந்த மிச்சத்தில் பிழைத்துக்கொண்டிருக்கிறது. தனியாக ஓட்டினால் அந்த மிச்சம் இல்லை. சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், நாம் அதற்கு நான்கு மணி நேரம் முன்னால். இங்கே ஜனவரி 1 அதிகாலை இரண்டு மணி என்றால் அங்கே இன்னும் டிசம்பர் 31. விடுப்புக் கணக்கில் ஒரு நாள் தாராளமாக நழுவும்.

குற்றவாளியைப் பிடிக்கவும் ஃபில்டர்தான் வேண்டும். உங்கள் டெஸ்டுக்கு முன் ஓடுபவற்றை இரண்டு பாதியாகப் பிரித்து, முதல் பாதியோடு சேர்த்து ஒரு தடவை, இரண்டாம் பாதியோடு ஒரு தடவை ஓட்டுங்கள். எந்தப் பாதியோடு பாஸ் ஆகிறதோ அதை மறுபடி இரண்டாக்குங்கள். நூறு டெஸ்ட் இருந்தாலும் ஏழு சுற்றில் ஒன்றில் வந்து நிற்கும். அப்புறம் அதை மண்டலத்தைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள், உங்கள் டெஸ்டையும் தனக்கு வேண்டிய மண்டலத்தைத் தானே வைத்துக்கொள்ளச் செய்யுங்கள். வரிசையைக் குலுக்கி ஓட்டும் வசதி கோ மொழியில் 'ஷஃபிள்' என்று கூடவே வருகிறது, பைடெஸ்டுக்கு 'ரேண்டம்லி' என்ற ப்ளகின் இருக்கிறது. வைத்துக்கொண்டால் இந்த மாதிரி ஒட்டுண்ணிகள் சீக்கிரம் வெளியே வரும்.

நேர மண்டலம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2008 அக்டோபர் 26 அன்று நம் தீவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்களே, 2009 மார்ச் 29 அன்று பழையபடி ஆக்கினார்கள், அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. பழைய வேலைப் பதிவுகளில் இருந்து மணிக்கணக்குப் பார்க்கும் மென்பொருள் என்றால் அந்த அக்டோபர் நாளுக்கு 23 மணி நேரம்தான் என்று ஒரு டெஸ்ட் இருக்கட்டும். எந்த ஃபில்டரிலும் விலக்காதீர்கள் அதை.

வக்வா வாசகி: ஜாவாஸ்கிரிப்ட், ஜெஸ்ட் கருவி. ஒரு டெஸ்ட் மட்டும் ஓட 'ஒன்லி' போட்டதை எடுக்க மறந்து அனுப்பிவிட்டேன், திட்டு வாங்கினேன்.

எல்லோரும் வாங்கியதுதான் தங்கச்சி. 'ஒன்லி' என்பது கோட்டுக்குள்ளேயே எழுதும் ஃபில்டர், அதுதான் அதன் ஆபத்து, கமிட்டோடு கூடவே பயணம் செய்யும். ஜெஸ்டில் அந்த ஒரு ஃபைலில் இருக்கும் மற்ற டெஸ்ட் எல்லாம் 'ஸ்கிப்ட்' என்று போகும், மொத்தம் பச்சையாகவே இருக்கும். கோட் எழுதியதைச் சரிபார்க்கும் ஈஎஸ்லிண்டுக்கு ஜெஸ்ட் ப்ளகின் போட்டு 'நோ ஃபோகஸ்ட் டெஸ்ட்ஸ்' விதியை இயக்குங்கள். ஜெஸ்ட் மாதிரி இன்னொரு கருவியான மோக்கா பயன்படுத்துகிறவர்களுக்கு 'ஃபர்பிட் ஒன்லி' இருக்கிறது. முடிந்தவரை கோட்டைத் தொடாமல் 'மைனஸ் டி' ஆப்ஷனோடு பெயரைக் கமாண்டிலேயே கொடுங்கள்.

எபென், இன்னொரு வாசகர்: மாற்றிய கோடைப் பார்த்து, அதற்கு வேண்டிய டெஸ்டைக் கருவியே பொறுக்கிக்கொள்ளும் என்கிறார்களே. நம்பலாமா? மேனேஜர் சிஐ செலவைக் குறைக்கச் சொல்கிறார்.

உங்கள் மேசையில் நம்பலாம். ஜெஸ்டில் 'ஒன்லி சேஞ்ச்ட்' போட்டால், மாற்றங்களைக் குறித்து வைக்கும் கிட் (Git) கருவியில் எந்த ஃபைல் மாறியது, அதை யார் யார் இம்போர்ட் செய்கிறார்கள் என்று பார்த்து எடுக்கும். பைடெஸ்டுக்கு 'டெஸ்ட்மான்' என்ற ப்ளகின் இன்னும் நுணுக்கமானது, ஒவ்வொரு டெஸ்டும் ஓடும்போது கோட்டில் எந்தெந்தப் பகுதியைத் தொட்டது என்று குறித்து வைத்துக்கொண்டு, அந்தப் பகுதி மாறினால் அந்த டெஸ்டை எடுக்கும். நானே தினமும் பயன்படுத்துகிறேன்.

ஆனால் இவை பார்ப்பது கோட் ஃபைல்களை. உங்கள் வாட் விகிதம் 15 சதவீதம் என்பது கோட்டுக்குள் இருக்கிறதா, தனியாக ஒரு டேட்டா ஃபைலில் இருக்கிறதா? பெரும்பாலும் டேட்டா ஃபைலில்தான் வைத்திருப்பீர்கள், அப்படித்தான் வைக்கவும் வேண்டும். அதில் 15 என்பதை யாராவது 1.5 என்று தட்டிவிட்டால் பைத்தான் ஃபைல் ஒன்றுகூட மாறவில்லை, அதனால் டெஸ்ட்மான் ஒன்றையும் எடுக்காமல் போகலாம். டேட்டாபேஸ் மாற்றம், சர்வரில் வைத்த என்விரான்மென்ட் மாறி, இரண்டுக்கும் இதே ஆபத்து உண்டு.

மேனேஜரிடம் இப்படிப் பேசிப் பாருங்கள்: ஒவ்வொரு புஷ்ஷுக்கும் (மாற்றத்தைச் சர்வருக்கு அனுப்பும்போது) பொறுக்கியது மட்டும், மெயினில் மெர்ஜ் ஆகும் முன் 'மெதுவானது' தவிர எல்லாம், ராத்திரி ஒரு தடவை எதையும் விடாமல் முழுசு. செலவு கணிசமாகவே குறையும். எங்கள் இடத்தில் முழு ஓட்டம் நள்ளிரவில் தொடங்குகிறது. காலை மெட்ரோவில் ரோஸ்ஹில் வருவதற்குள் போனில் திறந்து பார்த்துவிடுவேன், நிறத்தை அல்ல, எண்ணிக்கையை. போன செவ்வாய்க்கிழமை முந்தைய நாளைவிட முப்பத்தொன்று குறைவாக இருந்தது. யாரோ ஒரு ஃபோல்டரை இடம் மாற்றியிருக்கிறார்கள்.